ஸ்கேன் படிப்பு

தாலிக்கொடி கையில் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சாமான்தான், ஆனால் அம்மா கழுத்தில்தான் பார்த்திருக்கிறேன், யாரும் அதை என் கையில் கொடுத்ததில்லை. இப்போது வலது உள்ளங்கையில் சுருண்டு கிடக்கிறது, கழுத்துச் சூடு இன்னும் போகவில்லை, மஞ்சளும் வியர்வையும் கலந்து அம்மா வாசனை அடிக்கிறது. இடது கையில் போன். போனில் என் தலையெழுத்து, நான்கே வரியில். ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பிசியோதெரபி. எது மேலே எது கீழே என்று விரலால் இழுத்து வைத்துவிட்டு, லாக் என்று எழுதியிருக்கிற பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும், இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள். அமுக்கிவிட்டால் மாற்ற முடியாது. அமுக்காமல் விட்டாலும் போச்சு, இந்த வருஷம் காலேஜ் சீட்டு கிடையாது. அம்மா ஸ்கேனுக்கு உள்ளே போயிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. கதவில் ஒரு காந்தப் படம், அதற்குக் கீழே கத்தரிக்கோல், சாவி, கடிகாரம் எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் பன்னை டீயில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். அவர் வீட்டம்மாவும் உள்ளே போகத்தான் காத்திருக்கிறார்கள். எப்படித்தான் இறங்குகிறதோ அவருக்கு.

"எல்லாங் கழட்டோணுங்க்கா, உள்ள பூராவும் காந்தம்" என்று ஷபானா அக்கா சொன்னபோது அம்மா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஷபானா அக்கா இங்கே ஸ்கேன் எடுக்கிற டெக்னீசியன், ஊதா கோட்டு, நெற்றியை இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி, முகத்தில் ஒன்றும் தெரியாது. அம்மா தோட்டைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள், வளையல், மெட்டி, வராத மெட்டியைச் சோப்புத் தண்ணி போட்டுத் திருகினாள். தாலிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "அவுரு ரோட்டுல இருக்கறாருங்க" என்றாள். அப்பா லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் பாதிப் பேர் லாரி ஓட்டுகிறார்கள், மீதிப் பேர் லாரியை நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அப்பா வண்டியில் இருக்கிற நாளில் வாசலில் நின்று யாராவது தும்மினால்கூட அம்மாவுக்கு ஆகாது, அவளிடம் போய்த் தாலியைக் கழற்றச் சொன்னால்? ஷபானா அக்கா மேஜை டிராயரைத் திறந்தார். மஞ்சள் கயிறு, கட்டுக் கட்டாக. பக்கத்தில் ஒரு டப்பாவில் விரலி மஞ்சள். "மொதல்ல இதக் கட்டிக்கோங்க்கா. கட்டிக்கிட்டு அப்பறமா அதக் கழட்டுங்க. கழுத்து சும்மா இருக்காது." ஊசி, பஞ்சு மாதிரி அதையும் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மா கயிற்றை வாங்கிக் கழுத்தில் வைத்தாள், முடிச்சுப் போட இடது கை ஒத்துழைக்கவில்லை, விரல்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றன. நான்தான் பின்னால் போய் முடிந்தேன். ஒன்று போட்டதும், "மூணு போடு கண்ணு" என்றாள். போட்டேன். "உங்கப்பாகிட்டச் சொல்லு, உங்களுக்குப் போட்டியா ஆள் வந்தாச்சுன்னு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வாயின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி மெட்டியைப் பர்ஸில் போட்டேன்.

இடது கையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சித்திரையில் ஒரு நாள் ரசக் கரண்டி கீழே விழுந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் தம்ளர். அப்புறம் மாவுக் குண்டான், அதைக் கழுவித் துடைத்தது நான், திட்டிக்கொண்டேதான் துடைத்தேன், கவனமெல்லாம் சீரியல்ல இருந்தா இப்படித்தான் என்று. கை மரத்துப் போகுது, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். காலையில் எழுந்ததும் தலைவலி, குமட்டல், அதற்குப் பித்தம் என்று பேர் வைத்தாள். அம்மாவிடம் எல்லா நோய்க்கும் ஒரு பேர் இருக்கும், எல்லாப் பேருக்கும் ஒரு கஷாயம் இருக்கும். நான் படித்தவள் இல்லையா, போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இடது கை பலவீனம், காலை தலைவலி, வாந்தி என்று மூன்றையும் ஒன்றாக அடித்துத் தேடினேன், வந்ததை இரண்டு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை, போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டேன். டாக்டர் அம்மாவின் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். இடது கை தானாகக் கீழே இறங்கியது. அம்மாவுக்குத் தெரியவில்லை, அவள் கண்ணை மூடியிருந்தாள், ரெண்டு கையும் நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. பாத்துரலாம்" என்றார். எதுக்கும் என்றால் எதுக்கு? அந்த வார்த்தையைத்தான் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். நாமும் சொல்கிற வார்த்தைதானே, எதுக்கும் குடையை எடுத்துட்டுப் போ, எதுக்கும் ஒரு போன் பண்ணிரு. மழை வராமலும் இருந்திருக்கிறது. எத்தனையோ நாள் குடையைச் சும்மா தூக்கிக்கொண்டு போய்த் திரும்பியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மறுபடியும் அடிக்கிறேன். முழுதாக அடித்து ஓய்கிறது. லாக் பண்ண வேண்டுமானால் ஓ.டி.பி. வரும், அது அப்பா நம்பருக்குத்தான் போகும். விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டர் அண்ணன், "அப்பா நம்பரே போட்டுரலாம் பாப்பா, அதான் சரியா இருக்கும்" என்றார், நானும் தலையை ஆட்டினேன், என் கையிலேயே போன் இருக்க, எங்கேயோ ஆந்திராவில் ஓடுகிற லாரியில் என் சீட்டைக் கட்டிவிட்டேன். என்னை மாதிரி புத்திசாலி ஊரில் இல்லை. வண்டி ஓட்டும்போது அப்பா எடுக்க மாட்டார், அது தெரிந்ததுதான், ஓரங்கட்டி டீ குடிக்கும்போது கூப்பிடுவார். ஆனால் காலையிலிருந்தா ஒரு டீ குடிக்கவில்லை? மறுபடியும் அடிக்கிறேன். எடுக்கவில்லை. உள்ளங்கையில் தாலி. சரி, நான் சயின்ஸ் குரூப் படித்தவள், பயாலஜியில் தொண்ணூற்றாறு, ஒரு தங்கச் சங்கிலி கழுத்தில் இருந்து கைக்கு வந்ததற்கும் விஜயவாடா ரோட்டில் ஒரு லாரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கை தானாக அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறது. கழுத்து சும்மா இல்லை, மஞ்சள் இருக்கிறது, நான்தான் மூன்று முடிச்சுப் போட்டேன். ஆனால் நான் போட்டால் செல்லுமா? முடிச்சு இறுக்கமாக விழுந்ததா? ரெண்டாவது முடிச்சு கொஞ்சம் லூசாக இருந்த மாதிரி. இப்படியே விட்டால் பைத்தியம்தான் பிடிக்கும் எனக்கு. எடுங்கப்பா, எடுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிருங்க, ஓ.டி.பி. கூட வேண்டாம்.

போனில் அந்த நாலு வரி. ரேடியாலஜி மேலே இருக்கிறது, நான்தான் வைத்தேன், ரேங்க் வந்த அன்றைக்கே. பி.எஸ்சி. ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி என்று முழுசாகச் சொன்னால் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை, அம்மாதான் ஸ்கேன் படிப்பு என்று பேர் வைத்தாள். அத்தைக்குத்தான் அடுக்கவில்லை. "ஏம் பாப்பா, அந்தக் கதிரு மேல பட்டா வயித்துல புள்ள நிக்காதுங்கறாங்களே, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று போன வாரம் வந்து உட்கார்ந்துகொண்டு அழுகிற குரலில் கேட்டாள். அவளுக்குத் தன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்கிற கவலை, அவன் என்னவோ பெரிய பஸ் கம்பெனி முதலாளி மாதிரி, டயர் கடையில் நிற்கிற பையன்தான். எம்.ஆர்.ஐ.யில் கதிர் கிடையாது அத்தை, வெறும் காந்தம், எக்ஸ்ரேக்கு ஈய கோட்டு இருக்கு, சட்டையில் ஒரு பட்டை மாட்டிவிடுவாங்க, எவ்வளவு பட்டதுன்னு அது சொல்லிரும் என்று நான் பாடம் நடத்தினேன். அத்தை என்னை இல்லை, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கதிரைப் பற்றிப் பயமில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது, அத்தைக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஆறாவது படிக்கும்போது மணிக்கட்டு உடைந்து எக்ஸ்ரே எடுத்தோம். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வெயிலில் அந்தப் படத்தைப் பிடித்துப் பார்த்தேன். என் கை. விரல் ஒவ்வொன்றும் மூன்று துண்டாக, மணிக்கட்டில் கூழாங்கல் கூழாங்கல்லாக எட்டு எலும்பு. பின் சீட்டில் இருந்த அம்மாக்கள், கண்டக்டர் எல்லோரும் எட்டிப் பார்த்து ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள். எனக்கு ஒரே பெருமை, பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்கள், தன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று. அன்றைக்கே முடிவு பண்ணினேன். உடைந்த எலும்பு கூடிவிடும், அதனால் அது எனக்கு விளையாட்டாக இருந்தது. கூடாதது உள்ளே இருந்தால்? அதைப் படம் எடுக்கிறவள் நானாக இருந்தால்? டாக்டருக்கு முன்னால், வீட்டாளுக்கு முன்னால், அந்த மனுஷிக்கே முன்னால் அவள் தலைக்குள் இருப்பதை நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு, வாங்க எறங்கலாம், காலப் பாத்து வைங்க என்று சொல்ல வேண்டும். தினமும். எத்தனை அம்மாக்களுக்கு. என்னால் ஆகாது, எனக்கு முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும், சின்ன வயதில் பலகாரம் திருடினாலே அம்மா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். விரல் ரேடியாலஜியைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. டயாலிசிஸுக்குக் கீழே, தியேட்டருக்குக் கீழே, பிசியோவுக்கும் கீழே. பிசியோதெரபி என்றால், ஆள் நொண்டி வருவான், நாம் கையைக் காலை மடக்கி நீட்டி அனுப்புவோம், யாருக்கும் முன்னால் எதுவும் தெரிய வேண்டாம். பிசியோவை மேலே வைக்கிறேன். மனசு கொஞ்சம் இறங்குகிறது. ஒரு நிமிஷம்கூட இல்லை, மறுபடியும் ஏறிக்கொள்கிறது.

கை சும்மா இருக்கவில்லை, தாலிக்கொடியை ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருக்கிறது. குண்டு, காசு, நடுவில் தாலி, அப்புறம் மறுபடியும் குண்டு, அப்புறம் ஊக்கு. அம்மா தாலிக்கொடியில் எப்போதும் ஊக்கு தொங்கும், அவசரத்துக்கு. ஜாக்கெட்டு கொக்கி விட்டுப் போனால், என் சுடிதார் கிழிந்தால், தெருவில் யார் கேட்டாலும் பூங்கொடி கழுத்தில் ஊக்கு கிடைக்கும். ஒன்று இருக்கிறது. ரெண்டு இருக்குமே? விரல் தேடுகிறது. ஒன்றுதான். அப்போது ஞாபகம் வந்தது. திரைக்குப் பின்னால் அம்மா உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் கொடுத்தது முதுகுப் பக்கம் கயிறு வைத்த பச்சை அங்கி, அதை முன்னால் திறக்கிற மாதிரி போட்டுக்கொண்டாள் போல. திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. "கண்ணு, அதுல இருந்து ஒரு ஊக்கு குடு. என்ன துணி இது, வாயப் பொளந்துகிட்டு நிக்குது, ஆம்பளைங்க இருக்கற எடத்துல." நான் போனில் அப்பாவுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். பார்க்காமலேயே ஒன்றைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன். நான்தான் வைத்தேன். காந்தத்தைப் பற்றி அத்தைக்குப் பாடம் நடத்தியவள், இந்தக் கையால் எடுத்துக் கொடுத்தேன். இரும்பு ஊக்கு, நெஞ்சுக்கு நேரே, இப்போது கதவுக்கு அந்தப் பக்கம். காந்தம் இழுத்தால் அது எங்கே பறக்கும், எந்தப் பக்கம் கிழிக்கும், முகமா, கண்ணா? எழுந்தேன். பன் தின்ற பெரியவர் "என்ன சாமி?" என்றார். கதவில் கத்தரிக்கோல் படத்தின் மேலேயே ரெண்டு கையாலும் தட்டினேன், தாலிக்கொடி கதவில் பட்டுக் கிலுங்கியது, "அக்கா, நிறுத்துங்க, ஊக்கு, எங்கம்மா மேல ஊக்கு இருக்குது" என்று கத்தினேன். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. உள்ளே ஒரு சின்ன அறை, கண்ணாடி, டி.வி. மாதிரி பெட்டிகள். அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு கதவு, அதன் முன்னால் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள், பச்சை அங்கியை நெஞ்சோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு, முழுசாக. ஷபானா அக்கா கையில் ஊக்கு. "எடுத்தாச்சு எடுத்தாச்சு, ஏன் இப்படி ஒடச்சுக்கிட்டு வர்ற?" என்றார். மேஜையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது, பாதிக்கு மேல் ஊக்கு. தடவிப் பார்க்காமல் யாரையும் உள்ளே விட மாட்டாராம். எங்கள் ஊர்ப் பெண்கள் மானத்தை அந்தக் கதவு வரைக்கும் ஊக்கில்தான் கொண்டுவருகிறார்கள். அம்மாவின் ஊக்கையும் அதில் போட்டார். நான் அழுதுவிட்டேன். இதற்கு அழலாமா என்று யோசிக்க நேரமில்லை, அதுபாட்டுக்கு வந்தது. "நாந்தாங்க்கா குடுத்தேன், நாந்தான் குடுத்தேன்." அம்மாவுக்கு என் அழுகையைப் பார்த்ததும் அவள் பயமும் வெளியே வந்துவிட்டது. "எனக்கு வேண்டாங் கண்ணு, அந்தப் பொந்துக்குள்ள நாம் போகல, ஊட்டுக்குப் போலாம், கை அதும்பாட்டுக்குச் செரியாப் போயிரும்" என்று எழப் பார்த்தாள். ஷபானா அக்கா அவள் தோளில் கை வைத்தார், அமுக்கவில்லை, வைத்துக்கொண்டார். "உங்க புள்ள கூட வரட்டுங்களா? காலப் புடிச்சுக்கிட்டு நிக்கட்டும். நீங்க கண்ண மூடிக்கோங்க்கா, புள்ள கை கால்ல இருக்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க." பிறகு என்னிடம் திரும்பி, "கழட்டு, தோடு, கிளிப்பு, செயினு, போனு எல்லாத்தையும். உள்ள போட்டிருக்கறதுல கொக்கி, கம்பி இருந்தா அதையும் சொல்லு" என்றார். ஒரு பிளாஸ்டிக் தட்டில் எல்லாவற்றையும் வைத்தேன். தாலியை வைக்க மட்டும் கை வரவில்லை. அவரே வாங்கி, தனியாக ஒரு துணியில் சுற்றி, பூட்டுகிற டிராயரில் வைத்தார். என் உடம்பை ஒரு தடவை தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே குளிர். அம்மாவைத் தலை முதல் இடுப்பு வரை அந்தக் குழாய் விழுங்கிக்கொண்டது, வெளியே இருந்தது வயிற்றுக்குக் கீழே மட்டும்தான், அதிலும் எனக்கு என்று கிடைத்தது ரெண்டு பாதம். மெட்டி கழற்றிய விரலில் வெளுத்த வளையம். காதில் பஞ்சு வைத்திருக்கிறேன், இருந்தும் சத்தம் ஆரம்பித்ததும் தூக்கிப்போட்டது. வள்ளிபுரம் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் தகடு அடிப்பார்களே, அதே சத்தம், டங் டங் டங், நிற்கும், மறுபடி வேறு தாளத்தில் அடிக்கும். அம்மா பாதம் இறுகியது. நான் பிடித்தேன். எவ்வளவு அழுத்திப் பிடிக்கலாம் என்று தெரியவில்லை, லேசாகப் பிடித்தால் நான் இல்லையென்று நினைத்துக்கொள்வாள், இறுக்கிப் பிடித்தால் நான் பயப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். இடது பாதம் வலது பாதத்தை விடக் குளிர்ச்சியாக இருக்கிறதா? இல்லை, ரெண்டும் ஒன்றுதான். இல்லை, இடது கொஞ்சம். நான் ஏன் எல்லாவற்றையும் இப்படித் துருவுகிறேன்? பித்தவெடிப்பு என் உள்ளங்கையில் உரசுகிறது, இந்தக் காலோடுதான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அரசாசுபத்திரி வரைக்கும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள், பஸ் ஸ்டிரைக் அன்றைக்கு, அப்பா அப்போதும் ரோட்டில். அம்மா செத்துப்போவாளா? அப்படி ஒரு வாக்கியம் என் தலைக்குள் வந்தது, நான் கூப்பிடவில்லை, தானாக வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது. வெளியே போ என்றேன். போகவில்லை. டங் டங் டங். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷபானா அக்கா முகம் தெரிந்தது, பெட்டியின் வெளிச்சம் அடித்து நீலமாக. அந்த முகத்தையே பார்த்தேன். ஏதாவது தெரியுமா, புருவம், உதடு, ஒரு சின்ன அசைவு? ஒன்றுமில்லை. கையில் சில்லறை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி. அப்புறம் அவர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தை ஏன் திருப்ப வேண்டும்? சத்தம் நின்றது.

கதவைத் திறந்து வந்தார். தட்டில் ஊசி. "அக்கா, நல்லா அசையாம இருந்தீங்க. ஒரு ஊசி போட்டு இன்னும் கொஞ்சம் படம் எடுத்துக்கலாங்க. டாக்டர் சொன்னாரு." அம்மா உள்ளேயிருந்து, "ஆகட்டுஞ் சாமி" என்றாள். இந்த ஊசி எனக்குத் தெரியும். படிப்பைப் பற்றித் தேடும்போது இதையும் படித்தேன், எல்லோருக்கும் போட மாட்டார்கள், முதல் படத்தில் எதையாவது பார்த்து, அது என்னவென்று தெளிவாகத் தெரிய வேண்டுமானால்தான் போடுவார்கள். சும்மாவும் போடலாம். சில பேருக்கு முன்னாலேயே எழுதி அனுப்புவார்கள். ஆனால் அம்மாவுக்கு எழுதவில்லை, சீட்டை நான்தான் கொண்டுவந்தேன். ஷபானா அக்கா என்னை வெளியே கூப்பிட்டுச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார். "பதினெட்டு ஆச்சா?" ஆச்சுங்க என்றேன். கையெழுத்துப் போட்டேன், மோனிஷா என்கிற என் பேரே வேறு யாரோ எழுதினது மாதிரி இருந்தது. நிமிர்ந்தபோது பெட்டி என் முகத்துக்கு நேரே இருந்தது, அவர் மறைக்கவில்லை, மறைக்க நேரமில்லை. அம்மாவின் தலை, குறுக்கே வெட்டிய மாதிரி, சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக. அதில் ஒரு பக்கம் மட்டும் மடிப்பு இல்லாத ஒரு இடம். வெள்ளையாக, உருண்டையாக. எனக்கு ஒன்றும் தெரியாது. நான் இன்னும் ஒரு வகுப்புக்குக்கூடப் போகாதவள், அது நரம்பாக இருக்கலாம், நீராக இருக்கலாம், எல்லோர் தலைக்குள்ளும் அது இருக்கலாம். ஷபானா அக்காவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், முகம் அதே முகம், ஆனால் என் கையிலிருந்து பேனாவை வாங்கும்போது விரலை ஒரு நொடி சேர்த்துப் பிடித்தார். "போ, காலப் புடிச்சுக்கோ. தேடுவாங்க" என்றார். போய்ப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று யோசிக்கவில்லை. சத்தம் முழுக்க நின்ற பிறகும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர்தான் விடுவித்தார்.

அம்மா உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனாள். என் சாமானெல்லாம் என் கைக்கு வந்தது. போனில் அப்பா மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். அப்பா. கூப்பிட்டிருக்கிறார் என்றால் இருக்கிறார். சுவரில் சாய்ந்துகொண்டு அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தார், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கிற சத்தம். "வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், அப்பறம் சார்ஜு போயிருச்சு கண்ணு, தாபாவுல போட்டுருக்கறேன். அம்மாவ உள்ள விட்டாங்களா? மணி நாலரைக்கு மேல ஆகுதே, நீ அதப் போட்டுட்டியா இல்லியா?" "ஓ.டி.பி. வருங்கப்பா, சொல்லுங்க" என்றேன். நாலு வரி திறந்தது. பிசியோதெரபி மேலே, ரேடியாலஜி அடியில், நான் பயந்துபோய் வைத்தபடியே கிடந்தது. கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது, ஷபானா அக்கா அடுத்த ஆளுக்கு மேஜைத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார், பன் தின்ற பெரியவரின் வீட்டம்மா வளையலைக் கழற்ற முடியாமல் நின்றார்கள், அக்கா வெளியே வந்து டிராயரைத் திறந்து மஞ்சள் கயிற்றை எடுத்தார். அம்மா தலைக்குள் இருப்பதை இன்றைக்கு யாராவது ஒருத்தர் முதலில் பார்த்துத்தான் ஆகவேண்டும். இந்தப் பொம்பளை பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவை அக்கா என்று கூப்பிட்டாள், நல்லா அசையாம இருந்தீங்க என்றாள். பயம் போகவில்லை, துளிகூடப் போகவில்லை, முன்னைக்கு இப்போது அதிகம். இருந்தும் விரல் ரேடியாலஜியைப் பிடித்து மேலே இழுத்தது, ஒன்று, ரெண்டு, மூன்று இடம். "நெசமாலுமே ஸ்கேனுதானா கண்ணு? அத்த வேற பொலம்பிக்கிட்டிருக்கறா" என்றார் அப்பா. "ஸ்கேனுதாங்கப்பா." அவர் எண்களை ஒவ்வொன்றாக, லாரி நம்பர் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பச்சைப் பட்டனை அமுக்கினேன். உங்கள் விருப்பங்கள் பூட்டப்பட்டன என்று வந்தது. "அம்மாவுக்கு என்னன்னாங்க?" என்றார். "ரிப்போர்ட்டு டாக்டர்தாங்கப்பா சொல்லுவாரு. நீங்க பாத்து வாங்க."

திரை விலகியது. அம்மா புடவையில் வந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு, முந்தானையைச் சரியாக இழுத்துக்கொள்ள இடது கை ரெண்டு தடவை முயன்று விட்டது. கழுத்தை எனக்கு முன்னால் குனிந்து கொடுத்தாள், தாலியைப் போட்டுவிடு என்று. கொக்கியை மாட்டினேன். அவள் நிமிரும்போது என் முகத்துக்கு அரை முழம் தள்ளி அவள் முகம். என்னை நேராகப் பார்த்தாள், பலகாரம் எண்ணுகிற பார்வை.

"ஏங் கண்ணு, நீ உள்ள நின்னு பாத்தியே. நல்லா இருக்குதா?"

"படம் நல்லா வந்திருக்குதும்மா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். "அப்படீன்னாச் செரி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.